பக்கத்து வரிசைக்கு நீளும் கை

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண் தாளில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை வாசலில், என்னோடு இளங்கலை படித்த கலைமதி நான்காக மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வரிக்கு வரி பிரிச்சி படிக்கிறதுக்குத்தான உனக்கு முனைவர் பட்டம் தரப்போறாங்க. இத படிச்சி சொல்லு, இன்னா தப்பு பண்ணோம்னு."

தாளில் இருந்தவை ஐந்தே வரிகள். எழுத்துத் தேர்வு: தேர்ச்சி. உடல்திறன்: நன்று. கருவி கையாளுதல்: நன்று. நேரம்: ஐந்து நிமிடம் நாற்பது நொடி (வரம்பு ஆறு நிமிடம்). குழுப்பணி: குறைவு. அதன் கீழே, சற்றுச் சாய்வாக, 'தேர்ச்சி இல்லை' என்ற முத்திரை.

நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வு செய்யும் எனக்குப் பிரதியை நெருங்கி வாசிப்பது தொழில். ஆனால் இவ்வளவு சிறிய பிரதி இவ்வளவு பெரிய தீர்ப்பைச் சுமந்து நான் கண்டதில்லை. திண்டிவனத்துக்கு அப்பால் உள்ள ஒரு தொழிற்சாலை தனக்கெனத் தீயணைப்புப் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு ஆள் எடுக்கும் நுழைவுத் தேர்வுக்கு நால்வர் நால்வராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும்; குழுப்பணியில் தோற்றால் நால்வரும் தோற்பார்கள்.

அந்த நால்வரை இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். பின்னால் நீங்கள் தேட வேண்டியிராது. கலைமதி தளவானூர்க் காலனியைச் சேர்ந்தவள். கல்லூரி விடுமுறைகளில் தாய் பூவாயியுடன் களை வெட்டப் போனவள். வரும் செப்டம்பரில் அவளுக்கு இருபத்தேழு முடிகிறது. அதன்பின் இந்தத் தேர்வை எழுத முடியாது. தங்கராஜ் அதே ஊரின் மறுமுனையில், ஆழ்துளைக் கிணறும் நான்கு ஏக்கர் கொல்லையும் உள்ள வீட்டுப் பிள்ளை. வீரமணி அவலூர்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குபவன். நால்வரிலும் வலிமையானவன், சிரிக்க வைப்பவன். அமலா வல்லத்துக்காரி, மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

தேர்வு இப்படி: தார்ப்பாயால் மூடிய இருபது மீட்டர் நீளச் சுரங்கம். புகைக்குப் பதிலாகக் கண்ணை மறைக்கும் முகமூடி. முதலாம் எண் தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் தவழ வேண்டும். இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் குழாயைத் தங்கள் பங்குக்கு இழுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். நான்காம் எண் சுரங்க வாயிலில் நின்று குழாயை விட்டுக்கொடுக்க வேண்டும், தண்ணீரைத் திறந்து மூட வேண்டும். கலைமதி ஒன்று, வீரமணி இரண்டு, அமலா மூன்று, தங்கராஜ் நான்கு. சுரங்கத்தை முடித்த பின் ஒரு கலந்துரையாடலும் உண்டு. அதற்கு அவர்களைப் பழக்குவது என் பொறுப்பு என்று கலைமதி அந்த ஜெராக்ஸ் கடை வாசலிலேயே முடிவு செய்துவிட்டாள். ஜூன் மாதத்தில் அடுத்த தேர்வு. அவளுக்கு அதுவே கடைசி.

2

கைவிட்ட தொடக்கங்களை மறைக்க விரும்பவில்லை.

'ராஜகிரியின் உச்சியில் முதல் வெயில் படும்போது நால்வரும் —' [நிறுத்தினேன். செஞ்சியைப் பற்றி எழுத உட்காரும் எல்லோரும் இந்தக் கோட்டை மலையில்தான் ஏறுகிறோம். இவர்கள் நால்வரும் மலையடியில், திருவண்ணாமலைச் சாலையோரம் ஓடினார்கள். மேலே ஏறச் சீட்டு வாங்க வேண்டும்.]

'தீ, மனித குலத்தின் முதல் —' [இதையும் நிறுத்தினேன். வாசகர் ஏமாந்துவிடக் கூடாது: இந்தக் கதையில் எங்கும் தீ எரியவில்லை.]

'சுரங்கத்தின் நடுவே வீரமணி சற்றே தாமதித்தான்.' [இதை நான் அடிக்கவில்லை. இலக்கணப் பிழையில்லாத, அமைதியான வாக்கியம். இதில் உள்ள 'சற்றே' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் பகுதியில் அதற்கு விசாரணை இருக்கிறது.]

3

முதல் தேர்வில் நடந்ததைக் கலைமதி எனக்கு ஒரே மூச்சில் சொன்னாள். சுரங்கத்தின் பாதியில் பின்னால் இருந்த வீரமணி நின்றுவிட்டான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவளுடைய இடக்கை தானாகப் பின்னால் போய் அவன் பங்குக் குழாயையும் பிடித்துக்கொண்டது. தன் பாரத்தோடு அவன் பாரத்தையும் சேர்த்து இழுத்தாள். சிறிது நேரத்தில் அவன் மீண்டும் நகர்ந்தான். நேரம் தவறவில்லை; வெளியே நின்று மதிப்பெண் இடும் தேர்வாளருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அப்படியிருக்கக் குழுப்பணி எப்படிக் குறைவாகும்?

இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். நடக்க எங்கே கற்றாய் என்று கேட்கப்பட்டவளைப் போல என்னைப் பார்த்தாள்.

மறுவாரம் தளவானூரில் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே, களை வெட்டு நடந்தது. போய் வரப்போரம் நின்றேன். பத்துப் பெண்கள், ஆளுக்கொரு வரிசை, குந்தியபடியே முன்னேறினார்கள். பூவாயி நடுவில் இருந்தார். அவருக்கு இடப்புறம் இருந்த பெண்ணுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது. ஆயினும் அவர் பின்தங்கவில்லை. காரணத்தைக் கண்டுகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பூவாயியின் களைக்கொட்டு தன் வரிசையை முடித்த கையோடு அந்தப் பெண்ணின் வரிசைக்குள் ஒரு சாண் நீண்டு, வெட்டிவிட்டுத் திரும்பிவிடும். மறுபுறம் இருந்தவரும் அவ்வாறே செய்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நன்றி என்ற பேச்சே எழவில்லை. பேச்சு முழுவதும் யாரோ ஒருவர் வீட்டுச் சீமந்தத்தைப் பற்றி. தொலைவிலிருந்து பார்த்தால் பத்துப் பேரும் ஒரே கோட்டில் நகர்வார்கள்.

நான் மகிழ்ந்தேன். திறனாய்வாளர்கள் தங்கள் கருத்துக்கு உடல் கிடைக்கும்போது மகிழும் அந்தச் சந்தேகத்துக்குரிய மகிழ்ச்சி. பதினெட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை ஒரே வாரத்தில் எழுதி ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினேன். சொல்லில் வராத, உரிமை கோராத, பெயரற்ற உதவியே கூட்டு உழைப்பின் உச்சம் என்பது என் முடிவு. தேர்வாளர் இந்த நுட்பத்தை வாசிக்கத் தவறியவர் என்றும் ஓர் அடிக்குறிப்பில் குறிப்பிட்டிருந்தேன்.

கலந்துரையாடலுக்காக நால்வருக்கும் ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தேன்: 'எங்கள் குழுவில் யாரும் பின்தங்குவதில்லை.' நால்வரும் அதை மனப்பாடம் செய்தார்கள். வீரமணி மட்டும் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்தான். நகைச்சுவை உணர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

4

தங்கராஜைப் பற்றிய என் ஐயத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவனை எப்படி எழுதுவது?

பயிற்சி அவனுடைய கொல்லையில்தான் நடந்தது. அறுவடை முடிந்த நிலம், அவனுடைய மோட்டார், அவனுடைய தண்ணீர், வயலுக்குப் பாய்ச்சும் அவனுடைய தட்டைக் குழாய். குழாயின் துண்டுகளைப் பித்தளை இணைப்புகளால் பொருத்தியிருந்தான். தார்ப்பாயை வீரமணி சந்தையிலிருந்து கொண்டுவந்தான். மூங்கிலை வளைத்து நட்டு அதன்மேல் விரித்தார்கள். இந்தக் கொல்லையில் கலைமதியின் தாய் எத்தனையோ பருவம் களை வெட்டியிருக்கிறார். நிலத்துக்காரர் மகனும் கூலிக்காரர் மகளும் ஒரே குழாயைப் பிடித்திருக்கும் காட்சி, எழுதுபவருக்கு மிக வசதியாக அமைந்துவிடுகிறது. அவனைக் கொடியவனாக்கலாம், அல்லது மனம் திருந்தியவனாக்கலாம். இரண்டு வரைவுகளும் என்னிடம் இருந்தன. இரண்டிலும் அவன் தங்கராஜ் இல்லை.

உண்மையில் அவன் யாரோடும் அதிகம் பேசாதவன். மோட்டார் சத்தத்தை வைத்தே தண்ணீர் மட்டம் சொல்லக்கூடியவன். அமலாவுக்கு மதியச் சாப்பாடு வரவில்லை என்றால் தன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுபவன். கலைமதியை 'நீ' என்றுதான் அழைப்பான். கலைமதி அவனை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. [இதைக் கவனிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பெயரைச் சொல்ல மாட்டாள். 'நீங்க' என்று சொல்ல அவளுக்கு மனமில்லை, 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை. "தண்ணிய கொஞ்சம் தொறந்தா நல்லா இருக்கும்" என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். தண்ணீர் திறக்கப்படும்.]

5

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணி அளவில், முதன்முறையாக முகமூடியும் அணிந்து செய்த பயிற்சியின்போது வீரமணி மீண்டும் நின்றான்.

கலைமதியின் இடக்கை மீண்டும் பின்னால் போனது. அவள் இருவர் பாரத்தையும் இழுத்தாள். வெளியே நின்ற தங்கராஜ், குழாய் சீராக உள்ளே போவதைக் கண்டு மூவரும் நகர்கிறார்கள் என்று நம்பி மேலும் மேலும் விட்டுக்கொடுத்தான். ஆனால் வீரமணி நகரவில்லை. அவனுக்குப் பின்னால் அமலாவும் நகர முடியவில்லை. உள்ளே வந்த குழாய் அமலாவைச் சுற்றிச் சுருள் சுருளாகக் குவிந்தது. அடுத்த முறை கலைமதி வலுவாக இழுத்தபோது ஒரு சுருள் அமலாவின் மணிக்கட்டில் இறுகி, ஊன்றியிருந்த கையை அடியிலிருந்து உருவிவிட்டது. அவளுடைய முகவாய் பித்தளை இணைப்பின் மீது மோதியது.

அவள் கத்தவில்லை. கத்தினால் பயிற்சி கெட்டுவிடும் என்று நினைத்தாளாம். தங்கராஜ் மேலும் இரண்டு முழம் விட்டுக்கொடுத்தான்.

முகவாயில் மூன்று தையல்.

[என் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் 'காயமற்ற கூட்டுணர்வு' என்றொரு தொடர் உண்டு. நான் அன்று மாலையே கருத்தரங்குக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். இதைத் தியாகமாகக் கருத வேண்டாம். பிழையான கட்டுரையைத் திரும்பப் பெறுவது தொழில் ஒழுக்கம்.]

6

அன்று மதியம் மோட்டார் கொட்டகை நிழலில் நடந்த பேச்சை, இயன்றவரை நடந்தபடியே தருகிறேன்.

அமலா தாடையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தாள். கலைமதி அவளிடம் நான்காவது முறையாக மன்னிப்புக் கேட்டாள். யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்றுதான் இழுத்தேன் என்றாள். அதுவரை குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த தங்கராஜ் நிமிர்ந்தான்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கிறியா? வரப்புல நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பத்து பேர்ல ஒருத்தி வரிச மட்டும் ஒல்லியா இருக்கும். அத பாத்துதான் வளந்தேன் நான்."

கலைமதி எழுந்து நின்றாள்.

"தெரியும் இல்ல? அப்ப ஆபரேசன் பண்ணிக்கினு வந்த எங்க அமிர்தவல்லி சின்னம்மாவ, மறுநாள்லருந்து வராதன்னு சொன்னது யாரு?"

தங்கராஜ் குழாயை இன்னொரு சுற்றுச் சுருட்டினான். பிறகு, "எங்க நைனா. நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றான்.

"அதுக்குத்தாண்டா மறைக்கிறோம்."

அந்த 'டா'வை நான் சேர்க்கவில்லை. இரண்டு மாதமாக அவனுக்காகத் தேடிக்கொண்டிருந்த விளிச்சொல் அவளுக்கு அந்த நேரத்தில் கிடைத்திருந்தது. தங்கராஜ் அதைத் தட்டிக் கேட்கவில்லை. சுருட்டிய குழாயைக் கீழே வைத்தான்.

"சரி. வரப்புல நிக்கிறவன்கிட்ட மறைக்கலாம். இங்க நான் வெளிய நிக்கிறது மேஸ்திரி வேலைக்கு இல்ல. தண்ணி என் கையில இருக்குது. எனக்குக் கொழாதான் தெரியுது, ஆளு தெரியல. சொன்னாதான் தெரியும்."

அமலா வாயைத் திறக்க முடியாமல், தொழிற்சாலை கொடுத்த விதிமுறைத் தாளை எடுத்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். ஏழாம் விதி: தடைப்பட்டவர் தம் எண்ணைச் சொல்லி உரக்க அறிவிக்க வேண்டும், மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி நிற்க வேண்டும், அவர் மீண்டும் அறிவிக்கும்வரை எவரும் நகரக் கூடாது.

நாங்கள் ஐவரும் அந்தத் தாளைப் பலமுறை வாசித்திருந்தோம். நான் இரண்டு நிறங்களில் அடிக்கோடும் இட்டிருந்தேன். யாரும் பின்தங்காத குழுவுக்கு ஏழாம் விதி தேவைப்படாது என்று கடந்துபோயிருந்தோம். முதல் தேர்வின் தேர்வாளர் கண்டது வேறொன்றுமில்லை: ஒருவர் நின்றார், குழாய் நிற்கவில்லை. அவர் மிகச் சரியாக வாசித்திருந்தார்.

கலைமதி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் முடியாமல் நிற்பதை அளப்பவர் காதில் விழும்படி கத்துவது காட்டிக்கொடுப்பது ஆகாதா என்றாள். அவள் வளர்ந்த வரிசையில் அது காட்டிக்கொடுப்பதுதான். அமிர்தவல்லிக்கு வேலை போனது அப்படித்தான். பிறகு அவள் நீண்ட நேரம் அமலாவின் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தினா கத்தறவன் கத்தணும். நம்ம கத்தக் கூடாது," என்று கடைசியில் சொன்னாள்.

எல்லோரும் வீரமணியைப் பார்த்தோம்.

7

'சுரங்கத்தின் நடுவே வீரமணி சற்றே தாமதித்தான்.'

இந்த வாக்கியத்தை அடுத்த வாரம் வீரமணிக்கே படித்துக் காட்டினேன். அவலூர்பேட்டைச் சந்தையில், மூட்டைகளுக்கு நடுவே, அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது.

"இன்னா மேடம் இது, 'சற்றே'? பஸ்சுக்கு லேட்டா வந்த மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க."

உன்னைக் குறைத்துக் காட்ட விரும்பவில்லை என்றேன். அவன் சிரித்தான்; பிறகு சிரிப்பு நின்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில் மல்லாட்டை மூட்டை அடுக்கு சரிந்து அவன் அடியில் அகப்பட்டுக்கொண்டான். இரண்டு நிமிடம்தான். அன்றிலிருந்து முகத்தை எதுவும் மூடினால் கைகால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. தூங்கும்போதுகூடப் போர்வையை மார்புக்கு மேல் இழுக்க மாட்டான். இதை வீட்டிலும் சொன்னதில்லை. மூட்டை தூக்குபவன் பயந்தவன் என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

"மூட்ட சரிஞ்சா கத்திருவேன் மேடம், ஆளுங்க ஓடியாருவாங்க. நானே சரிஞ்சா எப்படிக் கத்தறது?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த உரையாடலில் நான் சொன்ன ஒரே பயனுள்ள வாக்கியம் அதுதான்.

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "பயந்து நின்னுட்டான்னு எழுதுங்க. அப்பதான் எனக்குப் பழகும்," என்றான்.

எழுதுகிறேன்: சுரங்கத்தின் நடுவே வீரமணி பயந்து நின்றுவிட்டான்.

[சற்றே என்ற சொல் ஒரு சாண் நீண்டு அவனுடைய வரிசைக்குள் வெட்டிக்கொண்டிருந்த என் களைக்கொட்டு என்பதை வாசகர் என்னைவிட முன்பே கண்டிருக்கக்கூடும்.]

8

எஞ்சியவை இருபத்து மூன்று நாட்கள்.

கலைமதி முதல் நாளே தன் துப்பட்டாவால் இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தவழும்போது ஒரு கையால்தான் ஊன்ற முடியும். நேரம் ஏழரை நிமிடத்துக்குப் போனது. பரவாயில்லை என்றாள். கட்டை அவிழ்க்கும் நாளை அந்தக் கை தீர்மானிக்கட்டும் என்றாள். களை வெட்டிவிட்டு அந்த வழியாக வந்த பூவாயி, மகள் ஒரு கை கட்டிய நிலையில் தார்ப்பாயிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கட்டி வெச்சா மறந்துடுமா அது?"

"மறக்க வேணாம்மா. அந்த ஆறு நிமிசம் சும்மா இருந்தா போதும்."

பூவாயி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். தளர்வாக இருந்ததுபோலும், அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

வீரமணிக்கான பயிற்சி வேறுவிதம். முதலில் சுரங்கமே இல்லை. வெட்டவெளியில் நால்வரும் வரிசையாகத் தவழ்வார்கள். எங்கேயாவது அவன் "ரெண்டு நின்னுட்டேன்" என்று சொல்ல வேண்டும். முன்னால் "ஒண்ணு நின்னேன்". பின்னால் "மூணு நின்னேன்". தொலைவிலிருந்து "நாலு நிறுத்திட்டேன்". அவன் மூச்சைச் சரிசெய்துகொண்டு "ரெண்டு போறேன்" என்று சொல்லும்வரை எவரும் அசையக் கூடாது. முதல் மூன்று நாட்கள் அவன் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நான்காம் நாள் கேலியாகக் கத்தினான். கேலியும் கணக்கில் சேரும் என்று அமலா சொல்லிவிட்டாள். பேருந்தில், சந்தையில், ரேஷன் கடை வரிசையில் அவன் திடீரென்று "ரெண்டு நின்னுட்டேன்" என்பான்; எங்களில் யார் உடன் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அவலூர்பேட்டைப் பேருந்தில் நான் ஒருமுறை "அஞ்சு நின்னேன்" என்று சொல்லிவிட்டு, நடத்துநர் பார்த்த பார்வையில் முகத்தைச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு முகமூடி. பிறகு அரைச் சுரங்கம். பிறகு முழுச் சுரங்கம். ஒவ்வொரு முறையும் அவன் நின்றான். நிற்காமல் கடக்கும் நாள் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். கதைக்கு அது தேவைப்பட்டது. வரவில்லை. ஒவ்வொரு முறையும் நின்றான், ஒவ்வொரு முறையும் சொன்னான், பிறகு போனான். நின்ற நேரம் மட்டும் நூற்று முப்பது நொடியிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது.

'எங்கள் குழுவில் யாரும் பின்தங்குவதில்லை' என்ற வாக்கியத்தை நால்வரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு வேறு வாக்கியம் எழுதித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள் அமலா.

9

முடிவுகளை எழுதும் இடம் இது. என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவில் வீரமணி அன்று நிற்காமலே கடந்துவிடுகிறான். [கைவிட்டேன். இருபத்து மூன்று நாட்களை அவமதிக்கிறது.]

இரண்டாம் முடிவில் வீரமணியின் குரல் எழவில்லை. கலைமதியின் கை பழையபடி நீள்கிறது. நால்வரும் தேர்ச்சி பெறுகிறார்கள். ஒரு நாள் உண்மையான புகை, உண்மையான — [கைவிட்டேன். தீ எரியாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

மூன்றாம் முடிவில் எல்லாம் நல்லபடியாக — [இந்த வாக்கியத்தை எழுதும்போதே கை கூசியது.]

ஆகவே, ஜூன் பதினான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு, தொழிற்சாலை மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

தார்ப்பாய்ச் சுரங்கத்துக்குள் ஆட்கள் தெரிவதில்லை. ஆனால் அவர்களுடைய முதுகும் முழங்கையும் தார்ப்பாயை உள்ளிருந்து புடைக்கச் செய்யும். மூன்று புடைப்புகள் நகர்ந்தன. தேர்வாளரான பெண் அதிகாரி, கையில் அட்டையும் பேனாவுமாகச் சுரங்கத்தை ஒட்டி நடந்தார். பாதியைத் தாண்டியதும் நடுப் புடைப்பு நின்றது. முதல் புடைப்பும் நின்றது. அதன் இடப்புறத்தில் சிறிய புடைப்பு ஒன்று தோன்றி, தார்ப்பாயை உரசியபடி மெல்லப் பின்னால் வந்தது.

அது கலைமதியின் கை. அன்று அதற்குக் கட்டு இல்லை. தேர்வில் அனுமதிக்க மாட்டார்கள்.

கை பாதி தூரம் வந்து நின்றது. மூடியதா, விரிந்ததா, எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்றும் சொல்ல முடியாது. சுரங்க வாயிலில் தங்கராஜ் குழாயை விடாமல், இழுக்காமல், கையில் ஏந்தியபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நின்னுட்டேன்."

மைதானத்தின் மறுபக்கம் காத்திருந்த மற்ற குழுக்கள் திரும்பிப் பார்த்தன. அவ்வளவு உரக்க.

"ஒண்ணு நின்னேன்." கலைமதியின் கை முன்னுக்குப் போனது.

"மூணு நின்னேன்."

"நாலு நிறுத்திட்டேன்."

பிறகு எதுவும் நகரவில்லை. நிறுத்துகடிகாரம் ஓடுவதும் நாங்கள் நிற்பதும் அறுபத்தோரு நொடி நடந்தது. காத்திருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். தேர்வாளர் அட்டையில் ஏதோ எழுதினார்.

"ரெண்டு போறேன்."

அவர்கள் வெளியே வந்தபோது நேரம் ஆறு நிமிடம் பதினொரு நொடி. வரம்பு ஆறு. வீரமணி முகமூடியைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். தங்கராஜ் அவனிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். கலந்துரையாடலுக்கு உள்ளே போய் அரை மணி கழித்துத் திரும்பினார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "நடந்தத சொன்னோம்," என்றாள் அமலா.

நான்கு மணிக்குத் தாள் கொடுத்தார்கள். நால்வரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். கலைமதி அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் கை நீட்டினேன்.

"நீ எல்லாத்தையும் எழுதுடி. இத மட்டும் எழுதாத."

ஏன் என்று கேட்டேன்.

"பாஸ்னு இருந்தா கத்தினதாலதான் பாஸ்னு எழுதுவ. பெயில்னு இருந்தா பெயிலே பெரிசுன்னு எழுதுவ. எப்படி இருந்தாலும் எங்க வரிசையில வந்து வெட்டிட்டுப் போயிடுவ."

தங்கராஜ் முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தான். பேருந்தில் ஐவரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். திண்டிவனம் தாண்டியதும் அவள் பையைத் திறந்து தாளைக் காட்டினாள். படித்தேன். அவள் சொன்ன சொல்லை மீறுவதாக இல்லை.

எனவே, எனக்குத் தெரிந்த ஒரு முடிவை உங்களிடமிருந்து மறைத்து நிற்கிறேன் என்பதையும் உரக்கச் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தின் வெளியே, தேர்வாளருக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் நீங்களும் நடந்து வந்தீர்கள். அவர் கண்டதை நீங்களும் கண்டீர்கள். அவர் கையில் இருந்த தாளின் நகல் இது:

எழுத்துத் தேர்வு: தேர்ச்சி.
உடல்திறன்: நன்று.
கருவி கையாளுதல்: நன்று.
நேரம்: ஆறு நிமிடம் பதினொரு நொடி.
குழுப்பணி: ____________

பேனா உங்களிடம்.